ஓடாத வண்டியின் வயது

மோட்டார் சைக்கிளோடு வரும் கையேட்டில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் நேரே இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும்: இத்தனை கிலோமீட்டர், அல்லது இத்தனை மாதம். எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் செய்ய வேண்டும். தினமும் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர்தான் முந்தும். மாதக் கணக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாங்கிய கொஞ்ச நாளிலேயே மூலையில் நிறுத்தப்பட்ட வண்டிக்கோ மாதக் கணக்கு மட்டும்தான் உண்டு. ஆறு வருட வயதும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டமும் கொண்ட வண்டியின் பிஸ்டனும் கியர்களும் அநேகமாகப் புதியவைதாம். அதன் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி, டயர், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றுக்கும் ஆறு வயது முழுதாக ஆகிவிட்டது. காற்றும் ஈரமும் அவற்றின்மேல் செய்யும் வேலைக்கு வண்டி ஓட வேண்டிய அவசியம் இல்லை.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வண்டிகளுக்குக் குறைவில்லை. மகன் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனபின் தாழ்வாரத்தில் நின்றவை, கார் வந்ததும் கைவிடப்பட்டவை, கல்யாணச் சீராக வந்து ஓட்ட ஆளில்லாமல் போனவை எனப் பலவகை. வாங்குபவருக்கு இவை நல்ல பேரம். ஆனால் வாங்கிய அன்றே செல்ஃபை அழுத்தி ஊரைச் சுற்றிவருவது, அதுவரை கெடாமல் இருந்த எஞ்சினையும் கெடுக்கக்கூடிய காரியம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரணக் கருவிகளோடு வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். 2018 வாக்கில் பதிவான, கார்புரேட்டர் பொருத்திய, முன்னால் டிஸ்க் பிரேக்கும் பின்னால் டிரம் பிரேக்கும் உள்ள 150 சிசி வண்டியை மாதிரியாக வைத்துக்கொண்டால் எல்லா வேலைகளும் அதில் அடங்கிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அந்த வண்டிகளுக்கு மாறுபடும் இடங்கள் ஆங்காங்கே சொல்லப்படுகின்றன.

மீட்டரை நம்பலாமா

முதல் கேள்வி, வண்டி உண்மையிலேயே குறைவாக ஓடியதா என்பது. மீட்டரைத் திருத்த முடியும். வண்டியின் உடம்பைத் திருத்துவது கடினம். மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் வரிகள் கூர்மையாக இருக்கும். பிரேக் பெடலின் விளிம்பில் பாலிஷ் ஏறியிருக்காது. பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருக்காது. டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவினால் படி தட்டுப்படாது. டயரின் பக்கவாட்டில், அச்சிலிருந்து வந்தபோது முளைத்திருந்த மெல்லிய ரப்பர் முடிகள்கூடச் சில இடங்களில் மிஞ்சியிருக்கும். டயரின் தயாரிப்புத் தேதி வண்டியின் தயாரிப்புத் தேதியைவிட ஓரிரு வருடம் பிந்தியதாக இருந்தால், முதல் டயர் தேய்ந்து மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். மீட்டர் காட்டும் கணக்கை விற்பவரிடம் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி வெள்ளம். 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான இருசக்கர வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றில் சில, மேலே கழுவித் துடைக்கப்பட்டு, குறைந்த கிலோமீட்டரோடு கைமாறின. சீட்டைக் கழற்றி அடியில் உள்ள ஒயர் இணைப்புகளுக்குள்ளும், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலைகளிலும், ஹெட்லைட் கண்ணாடியின் உட்புற அடியிலும் பார்த்தால் வண்டல் மண் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை எஞ்சினைப் பிரித்துப் பார்க்கத் தயாராக இருப்பவர் மட்டுமே வாங்கலாம்.

பேட்டரி

நின்ற வண்டியில் முதலில் சாவது பேட்டரி. பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய ஈய அமில பேட்டரிதான் அடிப்படையில் இன்றும் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் மென்மையான படலமாகப் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது கரைந்து திரும்புகிறது. பேட்டரி யாரும் தொடாமலே மெல்ல மெல்லத் தன் மின்சாரத்தை இழந்துகொண்டிருக்கும். வெயில் ஏற ஏற இந்த இழப்பு வேகமாகும். குறைந்த சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் மென்மையான அந்தச் சல்பேட் பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது. இறுகிய படிகம் சார்ஜ் ஏற்றினாலும் எளிதில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி பேட்டரிக்கு இல்லாதது மாதிரிதான்.

மல்டிமீட்டர் இருந்தால் நிலைமை உடனே தெரியும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் சுமார் 2.1 வோல்ட். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12 வோல்ட்டுக்குச் சரிந்திருந்தால் ஏறக்குறைய காலி. 10.5 வாக்கில் நின்றுவிட்டால் ஓர் அறை செத்திருக்கலாம். அதைச் சார்ஜ் செய்து பார்ப்பது வீண். தேறும்போலத் தெரிவதைக் கழற்றி, அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஏற்ற வேண்டும்: 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடம் தேவை. சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு விட்டு மறுநாள் அளந்தால், அது தாங்குமா என்பது தெரிந்துவிடும்.

கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் முனையில் உள்ள ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் அமிலம் முறிந்து சுத்தமாகிவிடும். காயவைத்துக் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

டேங்கும் கார்புரேட்டரும்

நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கும், ஸ்டார்ட் ஆகியும் ஐட்லிங்கில் நிற்காமல் அணைவதற்கும் பெரும்பாலும் காரணம் பழைய பெட்ரோல். பெட்ரோல் என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் லேசானவை சீக்கிரம் ஆவியாகும்; குளிர்ந்த எஞ்சினில் முதல் தீயைப் பற்றவைப்பவை அவைதாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியே முதலில் வெளியேறுவதும் அவையே. மிஞ்சியவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, பழுப்பு நிறப் பிசினாகத் திரள்கின்றன. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனைக்குப் பதிலாக வார்னிஷ் வாடை அடித்தால் அந்தப் பெட்ரோல் எரிபொருளாகும் தகுதியை இழந்துவிட்டது.

இதோடு எத்தனாலும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. அதற்குமுன் பல ஆண்டுகள் 10 விழுக்காடு வரை கலந்திருந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்த நீரைக் கொஞ்ச காலம் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 விழுக்காட்டுக் கலவையில் நீர் அரை விழுக்காட்டை நெருங்கும்போது தாங்கும் எல்லை வந்துவிடுகிறது. அதன்பின் எத்தனாலும் நீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்குகின்றன. டேங்கின் அடியில்தான் பெட்ரோல் வெளியேறும் குழாய் இருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில்தான் ஜெட்கள் இருக்கின்றன. எஞ்சினுக்குப் போகும் முதல் சொட்டே நீராகிவிடுவது இதனால்தான். அந்த நீர் இரும்பு டேங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உலோகத்தில் வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது.

எனவே டேங்க் பெட்ரோல் முழுவதையும் இறக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், நீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகக் கோடு கிழித்ததுபோல் தெரியும். காலி டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் நிறத்தில் மெல்லிய பூச்சு இருக்கலாம். அதைக் கொஞ்சம் புதிய பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிச் சரிசெய்யலாம். செதில் செதிலாக உரியும் துருவானால் டேங்கைக் கழற்றி அமிலத்தால் கழுவி உள்பூச்சு போடுபவரிடம் கொடுப்பதே சரி. வெளியெடுத்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. இந்த வேலை நடக்கும் இடத்தில் பீடி, அடுப்பு, இன்வெர்ட்டர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

அடுத்தது கார்புரேட்டர். அதற்குள் பெட்ரோல் போக இரண்டு பாதைகள் உண்டு. ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது மெயின் ஜெட் வேலை செய்கிறது. ஐட்லிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் ஸ்லோ ஜெட். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மட்டும் மிஞ்சும்போது முதலில் அடைபடுவது இந்தத் துளை. சோக் போட்டால் மட்டும் ஓடும், சோக்கை எடுத்தால் அணையும் என்ற புகாருக்கு இதுவே காரணம்: ஐட்லிங் பாதையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடுகிறது, சோக் காற்றை மறித்து அதை ஈடுசெய்கிறது.

கிண்ணத்தைக் கழற்றி ஸ்லோ ஜெட்டை வெளியே எடுத்து, வானத்துக்கு எதிரே கண்ணருகே பிடித்துப் பார்க்க வேண்டும். சுத்தமான ஜெட்டில் ஊசிமுனை வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும். பிசின் படிந்ததில் பிறைபோலத் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயில் ஊறவைத்து, காற்று அடித்து, மீண்டும் பார்க்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. அதைத் தவிர்ப்பது நல்லது. 0.38 மி.மீ. துளை 0.42 மி.மீ. ஆக விரிந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் துளையின் பரப்பை 22 விழுக்காடு கூட்டிவிடும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும். ஜெட் பித்தளையால் ஆனது, மரையும் மெல்லியது. பொருத்தமான அகலமுள்ள ஸ்குரூ டிரைவர் இல்லாமல் அதைத் தொடக்கூட வேண்டாம். கிண்ணத்தின் ரப்பர் வளையம் உப்பியிருந்தாலோ இறுகியிருந்தாலோ புதியது போட வேண்டும். பெட்ரோல் டியூபை விரலால் மடக்கிப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும்.

இன்ஜெக்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று வினாடி மெல்லிய முனகல் கேட்டால் பம்ப் உயிரோடு இருக்கிறது. அதன் குழாயில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கும்; அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீச்சும். டேங்கில் துருவோ நீரோ தெரிந்தால் அந்த வண்டியை நிறுவனப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே உத்தமம்.

எஞ்சின் ஆயில்

வீட்டில் நிற்கும் வண்டியை வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்த வேலை எஞ்சினுக்குத் தீங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் ஏறக்குறைய 100 கிராம் ஹைட்ரஜன். அது எரியும்போது தன் எடையைப்போல் எட்டு மடங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு சுமார் 900 கிராம் நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது என்று சொல்லிவிடலாம். பெரும்பகுதி நீராவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடும்போது அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடுகிறது. ஐந்து நிமிட ஐட்லிங்கில் ஆயில் சூடேறுவதே இல்லை. ஈரம் குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது, எரிப்பில் உண்டான அமிலங்கள் அதில் கரைகின்றன. வாரந்தோறும் இது நடக்கிறது. சைலன்சரின் உட்புறமும் இப்படித்தான் துருப்பிடித்து ஓட்டையாகிறது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் மோர்போல வெள்ளையாக, கொழகொழவென்று ஏதாவது ஒட்டியிருக்கலாம். அது நீரும் ஆயிலும் கலந்த கலவை. ஒரு வருடத்துக்கு மேல் நின்ற வண்டியில், அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலை இறக்கிவிடுவது நல்லது. சூடான ஆயில்தான் முழுதாக வடியும் என்பது உண்மை. ஆனால் அமிலமும் ஈரமும் கலந்ததை இன்னொரு முறை எல்லா பேரிங்குகள் வழியாகவும் ஓட்டிப் பார்ப்பதில் லாபம் இல்லை. குளிர்ந்த ஆயில் மெதுவாகத்தான் வடியும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் காத்திருந்தால் போதும்.

வடிந்த ஆயிலை வெயிலில் வைத்துப் பார்ப்பது பயனுள்ள சோதனை. புதிய எஞ்சினின் சிலிண்டர் சுவரில் நுண்ணிய குறுக்குக் கோடுகள் வேண்டுமென்றே இழைக்கப்பட்டிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர்களில் பிஸ்டன் வளையங்களும் அந்தக் கோடுகளின் முகடுகளும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துகின்றன. தேய்ந்த துகள் ஆயிலில் சேர்கிறது. முதல் சர்வீஸை 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த முதல் சர்வீஸே நடக்காத வண்டிகள் இந்த வகையில் நிறைய. எனவே ஆயிலில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. விரலில் நெருடும் செதில்கள் வந்தால் மட்டும் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும்: ஒட்டினால் கியரோ கேமோ, ஒட்டாவிட்டால் அலுமினியப் பாகம் தேய்கிறது. இரண்டுமே மெக்கானிக்கைக் கேட்க வேண்டிய விஷயம்.

டிரெயின் போல்ட் எஃகு. அது ஏறும் உடம்பு அலுமினியம். கூடுதல் பலத்தில் தோற்பது அலுமினியத்தின் மரை. கையேட்டில் இறுக்கத்தின் அளவு நியூட்டன்-மீட்டரில் தரப்பட்டிருக்கும். 25 நியூட்டன்-மீட்டர் என்பது 25 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பலர் நினைப்பதைவிட இது மிகக் குறைவு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர் போல்ட்டைக் கையால் முழுதும் ஏற்றியபின், குட்டை ஸ்பேனரால் பதமாக இறுக்க வேண்டும். ஏறி மிதிக்கக் கூடாது. போல்ட்டின் அடியிலுள்ள வாசரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது.

புதிய ஆயிலின் கிரேடு கையேட்டில் சொன்னதாகவே இருக்க வேண்டும். கார் ஆயில் வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. எரிபொருள் சிக்கனத்துக்காகக் கார் ஆயிலில் சேர்க்கப்படும் வழுக்கும் பொருள்கள் கிளட்ச் பிளேட்டுகளையும் வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருந்தால் அது ஈரக் கிளட்ச்சுக்காகச் சோதிக்கப்பட்டது. முதல்முறை ஊற்றுவது விலை உயர்ந்த சிந்தெட்டிக்காக இருக்க வேண்டியதில்லை. அது எஞ்சினைக் கழுவத்தான் போகிறது. பழைய ஆயிலை டப்பாவில் அடைத்து மெக்கானிக் கடையில் கொடுத்தால் சேகரிப்பவர் எடுத்துச் செல்வார். மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும்.

முதல் ஸ்டார்ட்

நின்ற எஞ்சினில் ஆயில் முழுவதும் அடியில் இறங்கி, சிலிண்டர் சுவரும் கேமும் வறண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு, சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கழற்றுமுன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட மறக்கக் கூடாது. உள்ளே விழும் ஒரு மணல் சிலிண்டரில் கோடு போட்டுவிடும். பிறகு சாவியைத் திருப்பாமல், கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்த வேண்டும். தடையின்றி இறங்கினால் பிஸ்டன் ஒட்டவில்லை. இறங்காவிட்டால் காலால் உதைத்துப் பார்ப்பது கூடாது. தடையின்றி இறங்கியபின் பத்துப் பதினைந்து முறை மெல்ல உதைத்தால் ஆயில் பம்ப் மேலே ஆயிலை ஏற்றிவிடும். கிக்கர் இல்லாத வண்டியில் டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றலாம்.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சரின் வாயையும் அவசியம் பார்க்க வேண்டும். எலி தன் கூட்டுக்குப் பஞ்சும் காகிதமும் சேர்க்க ஃபில்டர் பெட்டி வசதியான இடம். சைலன்சர் துளையில் குளவி மண் கூடு கட்டியிருந்தால், எவ்வளவு உதைத்தாலும் வண்டி எடுக்காது. எலி ஒயரைக் கடித்திருக்கவும் கூடும்.

பிளக்கைக் கையால் மரையில் ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்கி, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வருவது சிலிண்டரில் விட்ட ஆயில் எரிவதால்; அது அடங்கிவிடும். கியர் போடுமுன் ஓர் எச்சரிக்கை: நெடுநாள் அழுந்திக் கிடந்த கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். கிளட்ச்சைப் பிடித்திருந்தும் வண்டி துள்ளிப் பாயலாம். எஞ்சின் சூடானபின் அணைத்துவிட்டு, கியரில் போட்டு, கிளட்ச் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் பிளேட்டுகள் விடுபடும்.

பிரேக்

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் வண்டி நிற்கும். பிரேக்கில் தவறு நேர்ந்தால் வண்டி நிற்காது. ஓட்டிப் பார்க்கும் ஆசையை இந்த வேலை முடியும்வரை அடக்கியாக வேண்டும்.

பிரேக் ஆயில் என்று கடையில் கேட்டு வாங்கப்படுவது உண்மையில் எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர்களின் கலவை. அது ஈரத்தை ஈர்க்கும். கிண்ணத்தின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவரை ஊடுருவியும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்தால் கொதிநிலைக்கான வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும் வண்டியின் காலிப்பர் நன்றாகச் சூடேறும். உள்ளே நீர் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், திரவம் கடத்த வேண்டிய அழுத்தத்தைக் குமிழ் விழுங்கிவிடும். லிவர் கைப்பிடிவரை வரும், பிரேக் பிடிக்காது.

மாற்றும் முறை எளிது, ஆனால் வரிசை தவறக் கூடாது. காலிப்பரின் பிளீடர் நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரியும் தெளிந்த டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவைக்க வேண்டும். லிவரை மெல்ல இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தி, திரவம் வெளியேறியதும் மூடி, அதன் பிறகே லிவரை விட வேண்டும். மூடுமுன் லிவரை விட்டால் காற்று உள்ளே இழுக்கப்படும். மேல் கிண்ணம் ஒருபோதும் காலியாகக் கூடாது. முதலில் தேநீர் நிறத்தில் வந்த திரவம் தெளிந்து, குமிழ்கள் நின்றதும் வேலை முடிந்தது. சீல் உடைக்காத புதிய டப்பாவையே பயன்படுத்த வேண்டும். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக் கலந்தாலும் பிரேக்கின் ரப்பர் சீல்கள் உப்பிவிடும். பெயின்ட்டில் பிரேக் ஆயில் சிந்தினால் அதை அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் காற்றை முழுதாக வெளியேற்ற தனிக் கருவி தேவைப்படலாம் என்பதால் அந்த வேலையைச் சர்வீஸ் சென்டரில் செய்துகொள்வது பாதுகாப்பு.

டிஸ்க்கில் படிந்த மேல்துரு இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும். பின் டிரம்மைக் கழற்றி, ஷூவின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பிரேக் கேமின் தண்டைத் துடைத்துக் கொஞ்சமாக கிரீஸ் வைக்க வேண்டும். வறண்ட கேம் பிடித்த பிரேக்கை விடாது. எல்லாம் மாட்டியபின், வண்டியை நகர்த்துமுன் லிவரைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பது விட்டுவிடவே கூடாத படி.

டயர்

டயர் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் காற்றிலுள்ள ஓசோன் வெட்டுகிறது. இதைத் தடுக்க டயரில் மெழுகும் பாதுகாப்பு வேதிப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு வளைந்து நெளியும்போது இவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து மெல்லிய கவசமாகப் படர்கின்றன. நின்ற டயரில் அந்தக் கசிவு மந்தமாகிவிடுவதால், ஓடிய டயரைவிட ஓடாத டயர் சீக்கிரம் வெடிப்பு விடக்கூடும். பட்டன் முழுதாக இருப்பது டயர் நல்லது என்பதற்குச் சான்றாகாது.

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறேழு வருடம் கடந்த டயரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பார்த்தால், பட்டன்களின் அடியிலும் பக்கவாட்டிலும் மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். தெரிந்தால் மாற்ற வேண்டும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையில் பிடிப்பை இழந்துவிடும். முன் டயர் வழுக்கினால் விழாமல் தப்புவது அரிது. பழைய வண்டியின் பேரத்தில் இரண்டு டயரின் விலையையும் ஒரு பேட்டரியின் விலையையும் கழித்தே பேச வேண்டும்.

எஞ்சியவை

செயினை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, எஸ்ஏஇ 90 கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ போடலாம். ரப்பர் வளையம் உள்ள செயினுக்குப் பெட்ரோல் ஆகாது. கழித்த எஞ்சின் ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள உலோகத் துகளும் சேர்ந்து போகும். தொய்வு கையேட்டில் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம். செயினை முழுச் சுற்றுச் சுற்றி எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும்.

கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்களுக்குள் சில சொட்டு லேசான எண்ணெய் விட வேண்டும். முன் ஃபோர்க் குழாய்களில் துருப்புள்ளி இருந்தால் ஆயில் சீலைக் கிழிக்கும். கடலோர ஊர் வண்டிகளில் இதைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். டேப்பட் இடைவெளி எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஃபீலர் கேஜால் அளக்கப்படுகிறது. மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவிலான இந்த வேலையை முதல்முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்வது நல்லது.

இவ்வளவும் முடிந்தபின் முதல் 500 கிலோமீட்டர் வண்டி இன்னும் ரன்னிங்-இன்னில், அதாவது பாகங்கள் தேய்ந்து பொருந்தும் கட்டத்தில் இருப்பதாகவே கருதி ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகாமல், டாப் கியரில் திணறவிடாமல், முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல், ஒவ்வொரு முறையும் எஞ்சின் நன்றாகச் சூடேறும் தூரம் ஓட்ட வேண்டும். பிறகு ஆயிலை மீண்டும் இறக்கிப் புதியது ஊற்றி, ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றி, எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இரண்டாவது ஆயில் முதலாவதைவிடத் தெளிவாக வந்தால் எஞ்சின் கழுவப்பட்டுவிட்டது.

செய்த ஒவ்வொரு வேலையையும் கிலோமீட்டரோடு தேதியும் சேர்த்துக் குறித்து வைப்பது அவசியம். மீண்டும் மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால், டேங்கைப் புதிய பெட்ரோலால் நிரப்பி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பின்சக்கரம் தரையில் அழுந்தாமல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினாலும், மீட்டர் என்ன காட்டினாலும், எஞ்சின் ஆயிலை வருடம் ஒருமுறையும் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றியே ஆக வேண்டும்.